பில் வரும் நாள் வேறு, செலவாகும் நாள் வேறு

கேள்வி: ஒரு பெட்ரோல் காரை 14 மாதங்களுக்கு முன் இரண்டாவது உரிமையாளராக வாங்கினேன். காருக்கு இப்போது 8 வயது. ஓடோமீட்டர் 68,000 கி.மீ. காட்டுகிறது, அதில் நான் ஓட்டியது 11,000. கடன் தவணை, பெட்ரோல், காப்பீடு ஆகிய மூன்றை மட்டுமே கணக்கிட்டு வாங்கினேன். ஆனால் முதலில் பேட்டரி, பிறகு முன்சக்கர பிரேக் பேட், அதன்பின் நான்கு டயர்கள், சென்ற மாதம் வாட்டர் பம்ப் என்று அடுத்தடுத்துச் செலவு வந்தது. இப்போது சர்வீஸ் நிலையத்தில் எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் சுத்தம், பிரேக் ஆயில் மாற்றம், ஏ.சி. கேஸ், டயருக்கு நைட்ரஜன் என்று ஒரு பட்டியல் நீட்டுகிறார்கள். இவற்றில் எது தேவை? மாதம் எவ்வளவு ஒதுக்கினால் இப்படித் திடுக்கிட வேண்டியிருக்காது? அல்லது இந்தக் காரை விற்றுவிடுவதே நல்லதா? அலுவலகம் வீட்டிலிருந்து 4 கி.மீ. தொலைவில் இருக்கிறது; மற்ற ஓட்டமெல்லாம் விடுமுறைநாள் பயணங்கள்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட நான்கு செலவுகளில் ஒன்றுகூட அந்தக் காரின் வயதுக்கும் ஓட்டத்துக்கும் பொருந்தாததாக எனக்குத் தெரியவில்லை. பேட்டரியின் ஆயுள் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள்; டயர்கள் 40,000 முதல் 50,000 கி.மீ. வரை உழைத்தாலே நல்ல உழைப்பு, முன்சக்கர பிரேக் பேட் பின்சக்கரத்தினதைவிட முன்னதாகத் தேய்வது இயல்பு, 68,000 கி.மீ. ஓட்டத்தில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் கசியத் தொடங்குவதும் அபூர்வமன்று. ஆகவே உங்களுக்குக் கெட்ட கார் வாய்த்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். உங்கள் கணக்கில்தான் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

டயர், அதை மாற்றும் நாளில் செலவாவதில்லை. நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் சிறிது சிறிதாகச் செலவாகிறது. பேட்டரியோ கார் நிற்கும்போதும் மூப்படைகிறது. பெட்ரோலுக்கு மட்டும் போட்ட அன்றைக்கே பணம் கொடுத்துவிடுகிறோம் என்பதால் அது செலவாகத் தெரிகிறது. மற்றவற்றுக்கான பில் மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து மொத்தமாக வருவதால் விபத்துபோலத் தோன்றுகிறது. உங்கள் நான்கு பில்களையும் இந்த முறையில் பிரித்துப் பாருங்கள். டயர்கள் 45,000 கி.மீ. உழைக்கும் என்று கொண்டால், நீங்கள் ஓட்டிய 11,000 கி.மீ.க்கு உரியது டயர் விலையில் ஏறக்குறைய கால் பங்கு. பேட்டரி 48 மாதங்கள் வரும் என்றால் 14 மாதங்களுக்கு உரியது கால் பங்குக்குச் சற்றே கூடுதல். பிரேக் பேடுக்கும் கணக்கு அதை ஒட்டியே வரும். வாட்டர் பம்புக்கு இன்னும் குறைவு. அதாவது நீங்கள் செலுத்திய தொகையில் பெரும்பகுதி, இந்தக் காரில் நீங்கள் இதுவரை ஓட்டியதற்கானதன்று. முன்னவர் தேய்த்துவிட்டுப் போனதை ஈடுசெய்து, வரப்போகும் ஆண்டுகளுக்கும் சேர்த்து முன்பணம் கட்டியிருக்கிறீர்கள். (முன்னவர் தேய்த்ததை வாங்கும்போதே விலையில் குறைத்துக் கேட்டிருக்கலாம், டயர், பேட்டரி, பிரேக் ஆகிய மூன்றின் நிலையைப் பார்க்காமல் பழைய காருக்கு விலை பேசக் கூடாது என்பதை அடுத்த முறைக்காகச் சொல்லி வைக்கிறேன்.)

விற்பதா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. புதிய டயர், புதிய பேட்டரி, புதிய பிரேக் பேட் ஆகியவற்றோடு நிற்கும் இந்த நேரத்தில் விற்றால், நீங்கள் கட்டிய முன்பணத்தை வாங்குபவருக்குத் தானமாகக் கொடுக்கிறீர்கள்; நான்கு நல்ல டயர்களுக்காக யாரும் அவற்றின் முழு விலையைக் காரின் விலையோடு கூட்டிக் கொடுப்பதில்லை. மேலும், புதிய காரின் மிகப் பெரிய செலவு எந்த பில்லிலும் வராத மதிப்புத் தேய்மானம்தான். அது முதல் சில ஆண்டுகளில் மிகக் கடுமையாகவும் பிறகு படிப்படியாக மெதுவாகவும் நடக்கிறது. உங்கள் காரில் அந்தக் கடுமையான காலம் முடிந்துவிட்டது. அந்த இழப்பைத் தாங்கியவர் முதல் உரிமையாளர். பழுதுபார்க்கும் செலவைக் காரின் விற்பனை மதிப்போடு ஒப்பிட்டுச் சலித்துக்கொள்வது பலருடைய வழக்கம். அது தவறான ஒப்பீடு. அடுத்த 12 மாதங்களில் இந்தக் காருக்கு ஆகும் மொத்தச் செலவையும், மாற்றாக வாங்க நினைக்கும் காருக்கு அதே 12 மாதங்களில் தவணை வட்டி, காப்பீடு, மதிப்புத் தேய்மானம் எல்லாம் சேர்த்து ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். காரின் அடிச்சட்டமான சேசிஸில் துரு ஏறியிருந்தாலோ, கியர்பாக்ஸ் நழுவினாலோ, சைலன்சரில் நீலப் புகை வந்து எஞ்சின் ஆயிலை விழுங்கினாலோ, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டும் ஆயிலும் ஒன்றில் ஒன்று கலந்தாலோ என் கருத்தை மாற்றிக்கொள்வேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பட்டியல். பிரேக் ஆயில் மாற்றத்தை மறுக்க வேண்டாம். உண்மையில் அதை அவர்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பிரேக் ஆயில் வகைகளில் ஒன்றான டாட் 4-க்குரிய தர அளவின்படி, புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 155 டிகிரி மட்டுமே. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது அந்த வெப்பத்தில் அது கொதித்துக் குமிழியிட்டால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், கார் நிற்காது. பல தயாரிப்பாளர்கள் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்கிறார்கள். முன்னவர் மாற்றியதற்கான குறிப்பு கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றுவதற்கு முன் பிரேக் ஆயில் தொட்டியின் மூடியில் எழுதியிருக்கும் வகையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் ஃப்ளஷ், அதாவது எஞ்சினின் உட்புறத்தை ரசாயனம் ஊற்றிக் கழுவுவது, வேண்டாம். ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் நேரத்துக்கு மாற்றிவரும் எஞ்சினுக்கு அது தேவைப்படுவதில்லை. எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்வது நோய்க்கு மருந்தே தவிர, பத்தியம் அன்று. கார் நிற்கையில் எஞ்சின் ஓடும் ஐடிலிங் நிலையில் நடுங்கினாலோ, இழுவை குறைந்தாலோ, மைலேஜ் காரணமில்லாமல் விழுந்தாலோ சோதித்துப் பார்த்துச் செய்துகொள்ளலாம். அறிகுறி இல்லாதபோது உங்கள் பணம்தான் சுத்தமாகும்.

ஏ.சி. கேஸ் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது எரிபொருள்போலத் தீர்ந்துபோகும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. இணைப்புகளின் வழியே ஆண்டுக்கணக்கில் மிகச் சிறிதளவு குறைவது உண்டு என்றாலும், குளிர்ச்சி குறையும் அளவுக்குக் கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் சில மாதங்களில் அதே பில் திரும்ப வரும். உங்கள் ஏ.சி. நன்றாகக் குளிர்கிறதென்றால் அதைத் தொடவே வேண்டாம். குளிர்ச்சியும் காற்றின் வேகமும் சேர்ந்து குறைந்திருந்தால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் அது முன்பயணி இருக்கைக்கு எதிரே உள்ள டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது, கருவி ஏதுமின்றி நீங்களே கழற்றி மாட்டிவிடலாம்.

நைட்ரஜனைப் பொறுத்தவரை, நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான் இருக்கிறது. சுத்த நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசிகிறது என்பது மெய். ஆனால் மாதம் ஒருமுறை அழுத்தம் பார்க்கிறவருக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டன்று, பார்க்காதவரை அது காப்பாற்றப்போவதுமில்லை. இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. அது டைமிங் பெல்ட். எஞ்சினின் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றுக்கொன்று இசைந்து இயங்கச் செய்வது சில கார்களில் ரப்பர் பெல்ட், சில கார்களில் இரும்புச் செயின். செயினுக்குப் பெரும்பாலும் குறித்த மாற்றுத் தவணை கிடையாது, பெல்ட்டுக்கு உண்டு. பல கார்களில் அது 60,000 முதல் 1,00,000 கி.மீ. வரையிலான ஏதோ ஓர் அளவு, அல்லது குறிப்பிட்ட ஆண்டுகள். இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால், பெரும்பாலான எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். அதன்பின் வரும் பில் இதுவரை வந்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அதைவிடப் பெரிதாக இருக்கும். இதைவிட முக்கியமான செய்தி: பல கார்களில் வாட்டர் பம்பைச் சுழற்றுவதே இந்தப் பெல்ட்தான். உங்கள் காரும் அந்த வகையென்றால், சென்ற மாதம் பம்ப் மாற்றியபோது பெல்ட்டைக் கழற்றியே ஆகவேண்டியிருந்திருக்கும். அப்போதே புதிய பெல்ட் போட்டிருந்தால் கூலி ஒன்றுதான். பழையதையே திரும்ப மாட்டியிருந்தால், அதே கூலியை நீங்கள் இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும். பெல்ட்டா செயினா என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும்; பம்ப் மாற்றியபோது என்னென்ன போட்டார்கள் என்பது ஒர்க்ஷாப்பின் வேலைக் குறிப்புச் சீட்டான ஜாப் கார்டில் இருக்கும்.

பம்ப் கசிந்ததன் காரணத்தையும் ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய கார்களில் ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. கூலன்ட் என்பது நிறம் சேர்த்த தண்ணீர் அன்று. கொதிநிலையை உயர்த்துவதோடு, உள்ளே துருப்பிடிக்காமல் காக்கும் வேதிப்பொருள்களும் அதில் உண்டு. தண்ணீர் ஊற்றி ஊற்றி அவை நீர்த்துப்போனால் ரேடியேட்டரும் பம்பும் உள்ளிருந்து அரிக்கப்படும். பம்ப் மாற்றியபோது கூலன்ட் முழுவதும் புதிதாக நிரப்பினார்களா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

உங்கள் அன்றாட ஓட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 4 கி.மீ. தொலைவு காருக்கு எளிய வேலை என்று நினைக்கத் தோன்றும். எஞ்சினுக்கு அது கடினமான வேலை. எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் நிறுத்திவிடுகிறீர்கள். குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கிறது. அதன் ஒரு பகுதியும் எரிதலில் உண்டாகும் நீராவியும் ஆயிலில் இறங்கி, ஆவியாகிப் போக வாய்ப்பின்றி அங்கேயே தங்குகின்றன. ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரத்தை பேட்டரி திரும்பப் பெறுவதற்கும் நேரம் போதாது. இத்தகைய குறுந்தொலைவு ஓட்டத்தை, தூசியிலும் நெரிசலிலும் ஓட்டுவதோடு சேர்த்து, கையேடுகள் பலவும் 'கடும் பயன்பாடு' என்று வகைப்படுத்தி, ஆயில் மாற்றும் தவணையைக் குறைத்துச் சொல்கின்றன. உங்கள் விடுமுறைநாள் பயணங்கள் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. ஆனாலும் ஆயில் மாற்றத்தைக் கிலோமீட்டர் நிறையும்வரை தள்ளிப்போடாமல், ஆண்டுக்கு ஒருமுறையேனும் கட்டாயம் செய்யுங்கள். கையேட்டில் குறித்திருக்கும் பாகுநிலை எண்ணும் தர எண்ணும் பொருந்தினால் போதும். விலை அதிகமான ஆயில் என்பதற்காக அது அதிகக் காலம் வராது. வெளியே போய் முடிக்க வேண்டிய நான்கு வேலைகளை நான்கு மாலைகளில் செய்யாமல், ஒரே சுற்றில் முடித்துக்கொள்வதும் கணிசமாக உதவும்.

பெட்ரோல் செலவில் கைவைக்குமுன் உண்மையான மைலேஜைத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்ரோல் பம்பில் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறையும் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை இப்போது பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். ஒருமுறை வந்த எண்ணை நம்பாமல் நான்கைந்து முறை சராசரி பாருங்கள். டேஷ்போர்டு காட்டும் எண் பெரும்பாலும் சற்றுத் தாராளமாகவே இருக்கும். நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைப்பதே பெட்ரோலை மிச்சப்படுத்தும் முதல் வழி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 120 ஆக்கினால் எதிர்ப்பு விசை 44 விழுக்காடு கூடுகிறது. உயர் ஆக்டேன் பெட்ரோல் கையேட்டில் கேட்கப்படாதவரை வீண். ஆக்டேன் என்பது எஞ்சினில் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக எரிவதால் எழும் தட்டல்) வராமல் தாங்கும் திறனைக் குறிக்கும் எண்ணே அன்றி, வலுவின் அளவன்று.

டயர் அழுத்தத்தை மாதம் ஒருமுறை, கார் ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் எண்தான் உங்களுக்கு உரியது. டயரின் பக்கச்சுவரில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்துக் காற்றடிக்கச் சொல்பவர்கள் உண்டு, கேட்க வேண்டாம். வெப்பநிலை ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. அளவுக்கு மாறும் என்பதால், பருவம் மாறும்போது தவறாமல் பாருங்கள். டயரின் இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். உங்கள் கார் பழையதாதலால் ஸ்டெப்னி ஒருநாளும் தரையைத் தொடாமலேயே காலாவதியாகியிருக்கக்கூடும்.

டயர் பார்க்கும் அன்றைக்கே, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவையும் பாருங்கள். இரு கோடுகளுக்கு நடுவே இருந்தால் சரி. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதலே. டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கை, ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று சொல்லும் நினைவூட்டல் என்றே என் ஒர்க்ஷாப்புக்கு வந்த ஒருவர் எண்ணியிருந்தார். மறுநாள் சர்வீஸுக்கு விடலாம் என்று வீடுவரை ஓட்டினார். அந்த விளக்கு ஆயிலின் அளவையன்று, அழுத்தத்தைக் காட்டுகிறது. அது எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். அவருடைய எஞ்சினைப் பிரித்தபோது பேரிங்குகள் மின்னும் செதில்களாகக் கிடந்தன. மஞ்சள் எஞ்சின் விளக்கு அப்படியன்று. நிலையாக எரிந்தால் ஓரிரு நாளில் காட்டலாம், மின்னி மின்னி எரிந்தால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

காப்பீட்டில் ஒரு கருத்து போதும்: சிறு கீறலுக்கும் இழப்பீடு கோரினால், கோராமல் இருந்தமைக்காகக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடக்கூடும், பழுதுச் செலவையும் தள்ளுபடியையும் ஒப்பிட்ட பிறகே படிவத்தை நிரப்புங்கள்.

மாதம் எவ்வளவு ஒதுக்குவது என்று கேட்டீர்கள். எண்ணை நான் சொல்வதைவிட நீங்கள் வருவித்துக்கொள்வதே சரியாக இருக்கும், ஏனெனில் விலைகளை அறிந்தவர் நீங்கள். ஒரு நோட்டை எடுத்து, தேயும் ஒவ்வொரு பொருளுக்கும் கூலியோடு சேர்த்து விலையையும், எதிர்பார்க்கும் ஆயுளையும் எழுதுங்கள். நீங்கள் மாதம் ஓட்டுவது 800 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. எனவே 45,000 கி.மீ. உழைக்கும் டயர்கள் உங்களிடம் ஐந்தாண்டை நெருங்கும். டயர் விலையை 57-ஆல் வகுத்தால் டயருக்கான மாதப் பங்கு கிடைத்துவிடும். பேட்டரியை 48-ஆல், ஆண்டு சர்வீஸையும் காப்பீட்டையும் 12-ஆல், பிரேக் ஆயிலை 24-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் அடுத்து வரக்கூடியவற்றையும் சேர்க்க வேண்டும்: கியர் மாற்றி ஓட்டும் கார் என்றால் கிளட்ச், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ்கள், பின்சக்கர பிரேக், ஸ்பார்க் பிளக். கிளட்ச் எவ்வளவு நாள் வரும் என்பது பெரும்பாலும் உங்கள் இடதுகாலைப் பொறுத்தது. ஓட்டும்போது பெடல்மேல் காலை வைத்தே இருப்பவருக்கு விரைவில் போகும். எல்லாவற்றையும் கூட்டி, எதிர்பாராததற்கென்று அதில் ஐந்தில் ஒரு பங்கை மேலும் சேர்த்து, அந்தத் தொகையை மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். முதல் மாதம் அது அதிகமாகத் தெரியும். ஆனால் இந்த 14 மாதங்களில் நீங்கள் கொடுத்ததோடு ஒப்பிட்டால் குறைவாகவே இருக்கும்.

அதே நோட்டின் பின்பக்கத்தில் தேதி, ஓடோமீட்டர், செய்த வேலை, மாற்றிய பாகம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். பில்களையும் அதிலேயே செருகி வையுங்கள். ஒர்க்ஷாப்பில் வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு கேட்பதும், கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்வதும் அவமரியாதையாகாது. நேர்மையான மெக்கானிக் கேட்காமலே காட்டுவார்.

இன்று மாலையே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கையேட்டையும் சென்ற மாத ஜாப் கார்டையும் எடுத்துப் பாருங்கள். செயின் என்று இருந்தால் கவலையில்லை. பெல்ட் என்று இருந்து, அதை மாற்றியதற்கான குறிப்பு ஜாப் கார்டிலும் முன்னவரின் பில்களிலும் காணப்படாவிட்டால், பட்டியலில் உள்ள மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதையும் பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். அதுவரை விடுமுறைநாள் நெடும்பயணம் வேண்டாம்.